ஓடாநிலை முதல் சங்ககிரி வரை

சேலத்திலிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும் சாலையில், சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் குன்று சங்ககிரி. அடிவாரம் தொடங்கி உச்சி வரை வாயிலுக்கு மேல் வாயிலாக, மதிலுக்கு மேல் மதிலாகக் கட்டப்பெற்ற கோட்டை அது. உச்சியில் நின்று நோக்கினால் ஒருபுறம் திருச்செங்கோட்டு மலை தெரியும். மேற்கும் தெற்குமாகப் பார்வையை ஓட்டினால் காவிரி பாயும் திசையும், அதற்கு அப்பால் காங்கேய நாடும் விரியும். காவிரியின் அக்கரையில் பிறந்து, அக்கரையில் வாழ்ந்து, அக்கரையிலேயே போரிட்ட ஒரு வீரன், இக்கரையில் உள்ள இந்த மலையில் 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். அவனே தீரன் சின்னமலை.

அவன் வாழ்க்கையைச் சொல்வோர் பெரும்பாலும் வாளையும் போர்க்களத்தையும் முன்னிறுத்துவர். எனினும் அவ்வாழ்க்கையின் இறுதி ஆண்டுகளைத் தீர்மானித்தவை ஒற்றும் இரண்டகமுமே ஆகும். ஒரு செய்தி உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததால் அவன் உயிர் ஒருமுறை காக்கப்பட்டது. மற்றொரு செய்தி உரியவர் அல்லாதாரிடம் போய்ச் சேர்ந்ததால் அவ்வுயிர் பறிக்கப்பட்டது. இவ்விரு செய்திகளுக்கும் இடைப்பட்டதே சின்னமலையின் கடைசிக் காலம்.

பிறப்பும் பெயரும்

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிறந்தவன் அவன். தந்தையார் இரத்தினசாமி, தாயார் பெரியாத்தாள். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபோடு உறவுடைய வேளாண் குடும்பம் அது. உழவும் காங்கேய மாடுகளின் வளர்ப்பும் வாழ்வாக இருந்த அம்மண்ணில், வாள், வில், சிலம்பம், குதிரையேற்றம் முதலிய பயிற்சிகளை உடன்பிறந்தாரோடு அவன் இளமையிலேயே பெற்றான் என்பர். கோயில் திருப்பணிகளில் ஈடுபட்டவன், புலவரைப் போற்றியவன் என்றும் கொங்கு நாட்டு மரபு அவனைப் புகழ்கிறது.

அக்காலத்தில் கொங்குநாடு மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குடிகளிடம் தண்டிய வரிப்பணம் சங்ககிரி வழியாக மைசூருக்குச் செல்லும். அவ்வாறு சென்ற பணத்தை இளைஞன் தீர்த்தகிரி வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்கு வழங்கினான் என்பது ஊரெங்கும் வழங்கும் கதை. பறித்தவன் யாரென்று கேட்ட அதிகாரிகளுக்கு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லுமாறு அவன் விடை கூறி அனுப்பினானாம். அன்று முதல் அவனுக்குச் சின்னமலை என்னும் பெயர் நிலைத்தது. இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே தன்னைச் சிறிய மலையாகச் சொல்லிக்கொண்ட அந்த விடையில் பணிவும் உண்டு. அசைக்க முடியாது என்னும் அறைகூவலும் உண்டு. பிற்காலத்தில் அவன் தூக்கிலிடப்பட்ட சங்ககிரியின் பெயர் அவன் வரலாற்றில் முதலில் வருவது இந்தக் கதையில்தான்.

எல்லையான காவிரி

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி பாராமகாலும் சேலம், நாமக்கல், சங்ககிரி முதலிய பகுதிகளும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அப்பகுதியை நிருவகிக்க அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களுள் ஒருவரே பின்னாளில் சென்னை ஆளுநராகப் புகழ்பெற்ற தாமசு மன்றோ. காவிரிக்கு அப்பால் இருந்த காங்கேயமும் கோவையும் மேலும் ஏழாண்டுகள் திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே தொடர்ந்தன.

இதனால் 1792 முதல் 1799 வரை காவிரி வெறும் ஆறாக இல்லாமல் அரசியல் எல்லையாயிற்று. சங்ககிரி மதிலில் நின்ற கும்பினிக் காவலன் பார்வைக்கு எட்டிய அக்கரை நிலம் பகைவர் நாடு. இந்நிலையில், முன்பு மைசூரின் வரிப்பணத்தையே மறித்த சின்னமலை, கும்பினியைப் பெரும்பகையாகக் கண்டு திப்புவுக்குத் துணை நின்றான். முன்னைய பகையை விடுத்து இனி வரப்போகும் அடிமைத்தனத்தை எண்ணிப் பார்த்த அரசியல் தெளிவு அது. கொங்கு இளைஞரைத் திரட்டிச் சென்று சித்தேசுவரம், மழவல்லி, சீரங்கப்பட்டணம் ஆகிய களங்களில் அவன் போரிட்டான் என்று கொங்கு வரலாறு கூறும். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். கொங்குநாடு முழுவதும் கும்பினியார் வசமாயிற்று.

அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவனும் களத்தில் பிடிபட்டவன் அல்லன். புகலிடம் தேடிச் சென்ற இடத்தில், புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டவன். பாளையக்காரரை வெல்வதற்குப் பீரங்கியோடு பணமும் பயன்படும் என்பதைக் கும்பினியார் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஓடாநிலை

மைசூரிலிருந்து திரும்பிய சின்னமலை அறச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை ஒன்றை எழுப்பினான். பகைவர்க்கு அஞ்சி ஓடாத நிலை என்று அவ்வூர்ப் பெயருக்கு மக்கள் பொருள் சொல்வர். அங்கே வீரர்கள் பயிற்றப்பட்டனர், படைக்கலங்கள் செய்யப்பட்டன, பிரெஞ்சுக்காரர் துணையுடன் பீரங்கிகளும் உருவாயின என்று மரபு கூறும்.

சின்னமலை தனித்து நின்றவன் அல்லன். திண்டுக்கல் பகுதியில் விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கையில் மருதுபாண்டியர், மலையாளத்தில் பழசி அரசர், கன்னட நாட்டில் தூந்தாசி வாக் என்று பலரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கும்பினியை எதிர்த்து எழுந்தனர். சீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து 1799இல் வெளியேறிய தூந்தாசி பெரும்படை திரட்டிக்கொண்டிருந்தான். இவர்களுக்கிடையே ஆட்கள் சென்று வந்தனர், ஓலைகள் கைமாறின.

1800ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் கோவைக் கோட்டையைத் தாக்குவது என்று கிளர்ச்சியாளர் திட்டமிட்டனர். ஒரே நாளில் பல திசைகளிலிருந்தும் வந்து சேரவேண்டிய முயற்சி அது. அத்தகைய முயற்சியின் உயிர் மறை காத்தலில் இருக்கிறது. குறித்த வேளைக்கு முன்பே ஒரு பிரிவினர் முந்திக்கொண்டதால் கும்பினியார் விழித்துக்கொண்டனர் என்பர். திட்டம் குலைந்தது. பிடிபட்டவர்களுள் 40க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் தூந்தாசி வாக் ஆர்தர் வெல்லெசுலியின் படையோடு போரிட்டு மாண்டான். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமகன் என அறியப்பட்டவர் இந்த வெல்லெசுலியே.

1801இல் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், அடுத்த மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்குமேடை ஏறினர். கூட்டணி ஒவ்வொரு கண்ணியாக அறுந்தது. சின்னமலை மட்டும் மேலும் நான்காண்டுகள் கும்பினிக்கு அடங்காமல் நின்றான். 1801இல் காவிரிக்கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் அவன் கும்பினிப் படையை எதிர்த்து வென்றான் என்று கொங்கு மக்கள் நினைவில் வைத்திருக்கின்றனர்.

செருப்புக்குள் வந்த செய்தி

நேர்நின்று வெல்ல முடியாத கும்பினியார், ஓடாநிலைக் கோட்டையைத் தகர்ப்பதற்குப் பெரும் பீரங்கிகளோடு வரத் திட்டமிட்டனர். இவ்விடத்தில்தான் சின்னமலையின் வரலாற்றில் ஒற்றன் தோன்றுகிறான்.

கும்பினியாரின் பாசறைக்குள்ளேயே சின்னமலைக்கு வேண்டியவன் ஒருவன் இருந்தான். பகைவர்க்கு ஏவல் செய்துகொண்டே அவர்கள் பேசுவதைச் செவிமடுத்து வந்தான். பீரங்கிப் படை வருவதை அறிந்த அவன் அச்செய்தியை எழுதி, செருப்பின் இரு தோல்களுக்கிடையே வைத்துத் தைக்கச் செய்து ஓடாநிலைக்கு அனுப்பினான். காலில் கிடக்கும் பொருளைச் சோதிக்க யாரும் குனியமாட்டார் என்பது அவன் கணிப்பு. அக்கணிப்புப் பலித்தது. செய்தி கிடைத்த சின்னமலை உடனிருந்தாரோடு கோட்டையைவிட்டு வெளியேறினான். பெரும் ஆரவாரத்தோடு வந்த கும்பினிப் படை வெறுங்கோட்டையைக் கண்டது. சினம் தீரக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. ஆனால், கோட்டைக்குள் விட்டுச் சென்ற செருப்புகள் கும்பினியார் கண்ணில் பட்டன. பிரித்துப் பார்த்தபோது ஓலை வெளிப்பட்டது, ஒற்று வெளிப்பட்டது. ஒற்றன் உயிர் பறிக்கப்பட்டது.

அவ்வொற்றன் யார்? ஒரு வழக்கு அவன் பெயர் வேலப்பன் என்கிறது. முன்னர்ச் சின்னமலையிடம் பணியாற்றியவன் என்றும், கும்பினியாரிடம் அகப்பட்டு அவர்களிடம் வேலை செய்தவன் என்றும் அவ்வழக்குச் சொல்லும். மற்றொரு வழக்கு அருந்ததியர் குடியில் பிறந்த பொல்லானைச் சுட்டுகிறது. செருப்புத் தைத்தவரும், அதில் செய்தியை மறைத்தவரும், கொண்டு சேர்த்தவரும் அவரே என்றும், அதற்காக அறச்சலூரை அடுத்த நல்லமங்காபாளையத்தில் கும்பினியார் அவரைக் கொன்றனர் என்றும் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். எழுதியவன் வேலப்பன், தைத்துக் கொண்டு சென்றவர் பொல்லான் என இரண்டையும் இணைத்துச் சொல்வோரும் உளர்.

செய்தியை எழுதியவனின் பெயரை மட்டும் நினைந்து, அதைத் தோலுக்குள் வைத்துத் தைத்த கையை மறப்பது நம் வரலாற்றெழுத்தில் புதிதன்று. எழுத்து ஆவணமாகிறது, தையல் ஆவணமாவதில்லை. ஆயினும் இக்கதையில் அந்தத் தையல் பிரிந்திருந்தால் செய்தி வழியிலேயே சிக்கியிருக்கும். சின்னமலை ஓடாநிலையிலேயே மடிந்திருப்பான். ஆதலால் பொல்லானுக்குரிய இடத்தை மக்கள் கேட்பது நியாயமான கேள்வியாகும். ஆடித் திங்கள் முதல் நாளில் அவர் நினைவு இப்போது போற்றப்படுகிறது. அரசும் அவர் தியாகத்தை மதித்து நினைவுச் சின்னம் எழுப்ப முன்வந்தது. இரண்டு நூற்றாண்டுகள் வாய்மொழியாக மட்டும் வாழ்ந்த ஒரு பெயர் இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது.

அடுக்களையில் நுழைந்த பொன்

ஓடாநிலையை விட்டு அகன்ற சின்னமலை பழனி மலைப்பகுதியைச் சார்ந்த கருமலையில் மறைந்து வாழ்ந்தான். உடன் தம்பியரும் படைத்தலைவன் கருப்பசேர்வையும் இருந்தனர். கோட்டை இல்லை, பீரங்கி இல்லை, திரண்ட படையும் இல்லை. எஞ்சியிருந்தது நம்பிக்கை ஒன்றே. மறைந்து வாழ்பவன் எல்லாரையும் விலக்கிவிடலாம். ஆனால் சோறு ஆக்குபவனை விலக்க முடியாது. சின்னமலையின் சமையற்காரன் பெயர் நல்லப்பன்.

கும்பினியார் அந்த நல்லப்பனைத் தேடிப் பிடித்தனர். பீரங்கியால் ஆகாததைப் பொருளாசையால் முடிக்க எண்ணினர். அவன் இணங்கினான். போர்வீரன் படைக்கலம் துறந்து அமர்வது உணவு வேளையில்தான் என்பதைச் சமையற்காரனைவிட நன்கறிந்தவர் யார்? அவன் காட்டிய இடத்தில், அவன் காட்டிய வேளையில் கும்பினி வீரர்கள் சூழ்ந்துகொண்டனர். களத்தில் பிடிபடாதவன் இலைக்கு முன் அமர்ந்திருந்தபோது பிடிபட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைப் பெரும்பழியாகக் கருதும் தமிழ் மண்ணில், உண்ணும் வேளையையே காட்டிக் கொடுத்த கொடுமை இது.

இங்குப் பெயர்களின் முரண் உள்ளத்தைத் தொடுகிறது. நல்லப்பன் என்று பெயர் பெற்றவன் நஞ்சானான். பொல்லான் என்று பெயர் பெற்றவர் நன்மையானார். குழந்தைக்குக் கண்ணேறு படாதிருக்கவும் அது நெடுநாள் வாழவும் தாழ்ந்த பொருளுடைய பெயரை இடுவது நம் நாட்டுப்புற வழக்கம். எந்தத் தாய் எந்த அச்சத்தில் அப்பெயரை இட்டாளோ தெரியாது. ஒருவன் நல்லவனா பொல்லாதவனா என்பதை அவன் பெயரும் சொல்வதில்லை, அவன் பிறந்த குடியும் சொல்வதில்லை. நெருக்கடி வந்து நிற்கும் அந்த ஒரு நாழிகையே சொல்கிறது. பகைவர் பாசறைக்குள் இருந்தவன் உண்மையாக இருந்தான். சொந்த அடுக்களையில் இருந்தவன் விலைபோனான்.

ஆடிப் பதினெட்டு

பிடிபட்டோரைக் கும்பினியார் காங்கேயத்துக்கோ ஓடாநிலைக்கோ கொண்டுசெல்லவில்லை; காவிரியைக் கடந்து சங்ககிரிக் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். அவ்விடத்தைத் தேர்ந்ததற்குரிய காரணத்தை உய்த்துணர்வது அரிதன்று. சின்னமலையின் சொந்த நாட்டில் அவனுக்காக எழக்கூடிய கைகள் பல. சங்ககிரியோ 1792 முதல் கும்பினியார் ஆட்சியில் இருந்து பழகிய இடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வாயில்தோறும் காவல் வைக்கத்தக்க மலை. இடையே காவிரி வேறு. அம்மலைமேல் சின்னமலையும் தம்பியரும் கருப்பசேர்வையும் தூக்கிலிடப்பட்டனர். நீதி வழங்கியதாகச் சொல்லத்தக்க விசாரணை எதுவும் மக்கள் நினைவில் இல்லை. தூக்குக் கயிறு மட்டுமே நினைவில் இருக்கிறது.

அந்நாள் ஆடிப் பதினெட்டு என்று கொங்கு மக்கள் கொள்வர். நூல்கள் சூலை 31 என்கின்றன. இன்று ஆடிப் பதினெட்டோ ஆகத்து 2 அல்லது 3ஆம் நாளில் வருகிறது. இதனை முரண்பாடு எனக் கருதுவோர் உண்டு. உண்மையில் முரண்பாடு இல்லை. தமிழ்ச் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்றே நீண்டது. இரண்டு நூற்றாண்டுகளில் அவ்வேறுபாடு மூன்று நாட்களுக்கும் மேலாகப் பெருகும். 1805இல் ஆடிப் பதினெட்டு சூலைத் திங்களின் கடைசியில் விழுந்தது. மக்கள் நினைவும் நூல்கள் தரும் நாளும் ஒன்றையே சொல்கின்றன.

மேட்டூர் அணை எழுந்தது 1934ஆம் ஆண்டில். அதற்கு முன்னைய காவிரி, ஆடி மாதத்தில் தடையின்றிப் பெருகி வந்த காவிரி. பவானியிலும் ஈரோட்டுக் கரையிலும் பள்ளிபாளையத்துறையிலும் பெண்கள் முளைப்பாரி எடுத்து, மஞ்சள் சரடு கட்டி, புதுப்புனலை வணங்கும் நாள் அது. கரைகள் விழாக்கோலம் பூணும் நாளில் மலைமேல் உயிர்கள் அடங்கின. ஆடிப்பெருக்கன்று மகிழ்ச்சியோடு ஒரு துயரமும் கொங்கு மக்கள் நெஞ்சில் கலந்துபோனது அன்று முதல்தான்.

நான்கே மாதத்தில், 1805 நவம்பர் 30ஆம் நாள் பழசி அரசர் மலையாளக் காட்டில் மாண்டார். அடுத்த ஆண்டு சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கும்பினியின் சிப்பாய்களே எழுந்தனர். அடக்கிவிட்டதாகக் கும்பினியார் எண்ணிய தீ ஓராண்டுகூட உறங்கவில்லை.

நினைவின் கடமை

சின்னமலைக்கு இன்று சிலைகள் உண்டு. ஓடாநிலையில் மணிமண்டபம் உண்டு. 2005ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், அவன் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்தபோது, இந்திய அஞ்சல்துறை அவன் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. ஆடிப் பதினெட்டுதோறும் ஓடாநிலையில் மக்கள் திரண்டு வணங்குகின்றனர். இவையனைத்தும் தக்கனவே. எனினும் அவனை ஒரு குடிக்கு மட்டும் உரியவனாகச் சுருக்குவது அவனுக்குப் பெருமை சேர்க்காது. அவனோடு தூக்குமேடை ஏறிய கருப்பசேர்வையும், அவனுக்காக உயிர் கொடுத்த பொல்லானும் வேறு வேறு குடியினர். அவன் படை ஒரு குடியின் படையாக இருந்ததில்லை. அவன் தோழமை மதத்தாலும் மொழியாலும் பிரிக்கப்பட்டதில்லை.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தல் ஆகாது, செய்தால் மறை வெளிப்பட்டுவிடும் என்பது அவர் அதில் காட்டும் நெறி. அரசன் வாழுங்காலத்துக்கு உரிய நெறி அது. ஒற்றனாக வாழ்ந்தவன் தன் புகழைத் தானே துறந்து அத்தொழிலை ஏற்கிறான். ஆனால் காக்கவேண்டிய மறை இப்போது இல்லை, கும்பினியும் இல்லை. சங்ககிரியின் உச்சியில் கும்பினியின் கொடி பறந்த சுவடும் இல்லை. அன்று செய்யக் கூடாதிருந்த சிறப்பை இன்று செய்தாக வேண்டும்.

அதைச் செய்யவேண்டியவர் கவிஞரும் புலவருமே. வாளைப் பாடிய பாட்டுகள் நம்மிடம் பல உண்டு. ஊசியையும் தோலையும் பாடிய பாட்டுகள் சிலவே. தீரன் சின்னமலையின் வரலாறு முழுமை பெறுவது, சங்ககிரி மலைமேல் தொங்கிய கயிற்றோடு, யாரும் குனிந்து பார்க்காத ஒரு செருப்பின் தையலையும் சேர்த்து நினைக்கும்போதுதான்.